தொலைவில் இருப்போன் கடன்

வீடு தீப்பற்றினால் உள்ளே இருப்பவனுக்குப் புகை ஒன்றே தெரியும். தீ எப்பக்கம் பரவுகிறது என்பது தெருவில் நிற்பவனுக்கே தெரியும். இது தொலைவு தரும் நன்மை. ஆனால், தெருவில் நிற்பவன் அவ்வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையாக இருந்தால், தீயின் போக்கைத் தெளிவாகக் கண்டுவிட்டேன் என்று கூறி அவன் மனநிறைவு அடைய இயலுமா? கண்டதனால் அவனுக்கு ஒரு கடன் ஏற்படுகிறதா? ஏற்படுமாயின் அக்கடன் யாது?

பிறந்த நாடு இரு கூறாகப் பிரிந்து நிற்கையில், அயல்நாட்டில் வாழும் ஒருவன் அப்பிரிவினையை எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் வினா இன்று உலகில் பலரை வாட்டுகின்றது. இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. என் வீட்டு வேலிக்கு அப்பாலிருந்து பெற்றேன். ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு காலைப்பொழுது

எங்கள் தாமானில், என் அடுத்த வீட்டில், ஓர் அமெரிக்கர் வாழ்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிப்பவர். பென்சில்வேனியா மாநிலத்தில், எஃகு ஆலையை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். மலேசியப் பெண்மணி ஒருவரை மணந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே தங்கிவிட்டவர். மலாய் வழக்கப்படி என்னைச் ‘சிக்கு’ என்றே விளிப்பார். நம் பிள்ளைகள் ஆசிரியரை அழைக்கும் அச்சொல் அவர் வாயில் வரும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

2021 ஜனவரி 7 ஆம் நாள் காலை. பெருந்தொற்றுக் காலம், பள்ளி ஆண்டு இன்னும் தொடங்கவில்லை. செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டே வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 2020 ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின் முடிவை உறுதிசெய்ய வாஷிங்டனில் நாடாளுமன்றம் கூடியிருந்த வேளையில், தோல்வியுற்ற அதிபரின் ஆதரவாளர்கள் அக்கட்டடத்திற்குள் வன்முறையோடு புகுந்தனர் என்று செய்தி கூறியது. அங்கே பிற்பகல் இரண்டு மணி. நமக்கு விடியற்காலை மூன்று மணி.

ஓர் உண்மையை மறைக்காமல் கூறிவிடுகிறேன். அச்செய்தியைக் கேட்டபோது என் உள்ளத்தின் ஓரத்தில் சிறியதோர் இன்பம் தோன்றியது. ‘உலகுக்கெல்லாம் மக்களாட்சிப் பாடம் நடத்தியவர்களின் வகுப்பறையிலேயே இந்தக் கலவரமா?’ என்று எண்ணினேன். பிறர் வீட்டுச் சண்டையைச் சன்னல் வழியே பார்ப்பவனுக்கு உண்டாகும் இழிந்த இன்பம் அது. அப்போது வேலியோரம் நண்பர் வந்து நின்றார். இரவு முழுதும் உறங்காத கண்கள். நான் வாய் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: “சிக்கு, அந்தக் கூட்டத்தில் என் அண்ணன் முகம் தெரிகிறதா என்று மூன்று மணியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.”

என் இன்பம் அந்தக் கணத்திலேயே நாணமாக மாறியது. நான் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உடன்பிறப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“தொலைபேசியில் கேட்கலாமே?” என்றேன். 2016 நவம்பர்த் தேர்தலுக்குப் பிறகு அண்ணனோடு பேசியதில்லை என்றார். தந்தையார் இறந்த அன்றும் பேசவில்லை. பெருந்தொற்றினால் போக இயலாமல் இறுதிச் சடங்கைத் திரையில் பார்த்தபோது, அண்ணன் திரையின் ஒரு மூலையில் நின்றாராம். இவர் இங்கிருந்து பார்த்தாராம். அவ்வளவே. அண்ணன் வாஷிங்டனுக்குச் செல்லவே இல்லை என்பதைச் சில நாள் கழித்து உறவினர் ஒருவர் வாயிலாகத்தான் அறிந்துகொண்டார்.

அன்று அவர் கூறிய மற்றொரு சொல் என் நெஞ்சில் தைத்தது: “இத்தனை ஆண்டுகளும் நான் அமைதியாக இருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் விலகி இருந்தேன், வேறொன்றுமில்லை.”

வரைபடமும் மனிதரும்

தொலைவிலிருந்து பார்ப்பவன் முதலில் காண்பது வரைபடத்தை. அமெரிக்கத் தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சியில் அந்நாட்டின் வரைபடம் இரு வண்ணத்தில் தோன்றும். குடியரசுக் கட்சி வென்ற மாநிலம் சிவப்பு. ஜனநாயகக் கட்சி வென்ற மாநிலம் நீலம். அந்நாட்டு முறைப்படி, மெய்ன், நெப்ராஸ்கா என்னும் இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவரும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரையும் பெற்றுவிடுகிறார். அதனால் வரைபடத்தில் கலப்பு வண்ணம் தோன்ற இடமில்லை.

ஆனால், வரைபடம் கூறாத செய்தி ஒன்று உண்டு. 2020 ஆம் ஆண்டுத் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் மிகுதியான வாக்குகளைப் பெற்ற மாநிலம் எது? சிவப்பு மாநிலம் என்று பெயர்பெற்ற டெக்சஸ் அன்று. அவர் தோற்றுப்போன, ஐயத்திற்கிடமின்றி நீல மாநிலம் எனக் கருதப்படும் கலிபோர்னியாவே. அங்கே ஏறத்தாழ ஆறு மில்லியன் மக்கள் அவருக்கு வாக்களித்தனர். வரைபடத்தில் அந்த ஆறு மில்லியன் மக்களும் காணப்படுவதில்லை. அவ்வாறே, சிவப்பு மாநிலங்களில் வாழும் எதிர்த்தரப்பினர் பல மில்லியன் பேரும் காணப்படுவதில்லை.

என் நண்பரின் பென்சில்வேனியாவையே காண்க. 2016 இல் ஏறத்தாழ 44,000 வாக்கு வேறுபாட்டில் அது சிவப்பாயிற்று. 2020 இல் ஏறத்தாழ 80,000 வாக்கு வேறுபாட்டில் நீலமாயிற்று. 2024 இல் ஏறத்தாழ 1,20,000 வாக்கு வேறுபாட்டில் மீண்டும் சிவப்பாயிற்று. ஆறு, ஏழு மில்லியன் பேர் வாக்களிக்கும் மாநிலத்தில் இவை மயிரிழை வேறுபாடுகள். ஊர் மாறவில்லை, தெரு மாறவில்லை, ஒரே மேசையில் உண்டு வளர்ந்த மக்களே வாக்களித்தனர். வண்ணம் மட்டும் மாறியது. தொலைவு நமக்கு வண்ணத்தைக் காட்டுகிறது, மேசையைக் காட்டுவதில்லை.

அந்த மேசையில் நேர்ந்த மாற்றம்தான் அச்சமூட்டுவது. உங்கள் மகனோ மகளோ மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஒருவரை மணந்தால் வருந்துவீர்களா என்று அமெரிக்கரிடம் 1960 இல் வினவியபோது, வருந்துவோம் என்றவர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. 2010 இல் வினவியபோது குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் வருந்துவோம் என்றனர். சம்பந்தம் பேசும்போது குலம் கேட்கும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். அங்கே கட்சியே குலமாகிக்கொண்டு வருகிறது. கருத்து வேறுபாடு மக்களாட்சியின் உயிர். கருத்தைக் குலமாக்கிக்கொள்வது அதன் நோய். வள்ளுவர் வெளிப்பகையைக் கூறியதோடு நில்லாது ‘உட்பகை’ என்று தனி அதிகாரமே வகுத்தமைக்குக் காரணம் இத்தகைய நோயின் கொடுமையே எனலாம்.

பட்டம் பறக்கவிட்ட மகன்

தொடக்கப் பள்ளியில் பெஞ்சமின் பிராங்கிளினைப் பற்றிக் கற்பிக்காத ஆசிரியர் நம்முள் சிலரே. இடிமின்னலின்போது பட்டம் பறக்கவிட்டு மின்னலும் மின்சாரமும் ஒன்றே எனக் காட்டிய கதையை நானும் முப்பது ஆண்டுகளாகக் கூறி வந்தேன். அப்படத்தில் அவரருகே ஒரு சிறுவன் நிற்பான். அச்சிறுவன் யார் என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. வேலியோரம் நின்று அதனை எனக்குக் கற்பித்தவர் என் நண்பரே.

அவர் பிராங்கிளினின் மகன் வில்லியம். 1752 இல் அவர் சிறுவரும் அல்லர். இருபது வயதைக் கடந்த இளைஞர். தந்தையின் ஆராய்ச்சிகளுக்குத் துணை, பயணங்களில் தோழர். 1757 இல் பிராங்கிளின் பென்சில்வேனியா மக்களவையின் பேராளராக இலண்டன் சென்றபோது மகனும் உடன் சென்றார். இடையில் இரண்டாண்டு நீங்கலாக, 1775 வரை பிராங்கிளின் அயல்மண்ணிலேயே வாழ்ந்தார். அக்காலத்தில் பிறந்த மண்ணும் பிரிட்டனும் முட்டி மோதத் தொடங்கின. இரு தரப்பின் நெஞ்சையும் அறிந்தவர் அவர். பேரரசு உடையாமல் காக்கத் தம்மால் இயன்ற மட்டும் முயன்றார். 1774 ஜனவரியில் இலண்டனில் அரசரின் ஆலோசனை மன்றத்தின்முன் நிறுத்தப்பட்டு வசைமொழிகளைக் கேட்டார். வாய் திறவாமல் நின்றார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி விடுதலையின் பக்கம் நின்றார். தொலைவில் வாழ்ந்த ஒருவர், எண்ணிப் பார்த்து, காலம் வந்தபோது ஒரு பக்கம் சேர்ந்தார். இதில் குறை காண இடமில்லை.

ஆனால், மகன் அப்போது நியூ ஜெர்சியின் ஆளுநர். அரசருக்குத் தாம் செய்துகொடுத்த உறுதியை மீற மறுத்தார். 1776 இல் சிறைப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே 1777 இல் மனைவி நோயுற்று இறந்தார். அவரைச் சென்று காண வில்லியத்திற்கு இசைவு கிடைக்கவில்லை. பின்னர் விடுதலை பெற்று இங்கிலாந்து சென்றார். இப்போது அயல்மண்ணில் வாழ்பவர் மகன்.

1783 செப்டம்பரில் பாரிசில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவருள் பிராங்கிளினும் ஒருவர். தம் ஊர்களை எரித்த அரசோடு அவர் அமைதி செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மகன் மன்னிப்பும் உறவும் வேண்டிக் கடிதம் எழுதினார். முதுமையில் ஒரே மகன் தம்மைக் கைவிட்டதுபோல் வேறெதுவும் தம்மைப் புண்படுத்தவில்லை என்று தந்தை மறுமொழி எழுதினார். 1785 இல் சவுத்தாம்டன் துறைமுகத்தில் இருவரும் சில நாள் சந்தித்தனர். நிலம், கடன் ஆகியவற்றின் கணக்குத் தீர்க்கப்பட்டது. நெஞ்சின் கணக்குத் தீரவில்லை. மீண்டும் அவர்கள் சந்திக்கவே இல்லை. 1790 இல் பிராங்கிளின் இறந்தபோது, போரில் மகன் தமக்கு எதிராக நின்றதைக் காரணம் காட்டி, பெரும்பகுதிச் சொத்தை அவருக்கு வைக்காது சென்றார்.

பகை அரசனோடு அமைதி பேச இயன்ற பேரறிஞருக்கு, பட்டம் பறக்கவிட்ட மகனோடு அமைதி பேச இயலவில்லை. ஏன்? அரசனிடம் அவர் எதிர்பார்த்தது உடன்படிக்கை ஒன்றே. மகனிடம் எதிர்பார்த்தது தம்மைப் போலவே எண்ண வேண்டும் என்பது. அயலானிடம் நாம் நேர்மையை மட்டும் கேட்கிறோம். உறவினரிடமோ உடன்பாட்டையும் சேர்த்துக் கேட்கிறோம். உட்பகை வெளிப்பகையைவிடக் கொடிதாவது இதனால்தான்.

நடுநிலை என்பது யாது?

இங்கே ஒரு தடை எழலாம். ‘அநீதியின் பக்கம் நிற்பவனோடும் உறவு பேண வேண்டுமா? அவ்வாறாயின் நன்மை தீமை என்னும் வேறுபாடே அழிந்துவிடாதா?’ என்று மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே இது.

நடுவுநிலைமை என்பது இரண்டு கருத்துகளுக்கு இடையே கோல் வைத்து அளந்து நடுவில் நிற்பதன்று. அமெரிக்க வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. அடிமை முறையை ஒட்டி அந்நாடு பிளவுண்டபோது, பாதி அடிமைத்தனம் நடுநிலை ஆகியிருக்குமா? 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6,00,000 பேருக்கு மேல் மாண்டனர். லிங்கன் ஒரு பக்கம் உறுதியாக நின்றார். எனினும், போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் மாதம் இரண்டாம் முறை பதவி ஏற்றபோது, எவரிடமும் வன்மம் கொள்ளாது நாட்டின் புண்ணைக் கட்ட வேண்டும் என்றே பேசினார். செயலைத் தயக்கமின்றி எதிர்த்தவர், செய்தவனோடு மீண்டும் ஒரே நாட்டில் வாழ வேண்டும் என்பதை மறக்கவில்லை. செயலுக்குத் தீர்ப்பு, ஆளுக்கு இடம். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே நடுவுநிலைமை என்பது என் துணிபு.

தொலைவில் வாழ்வோனுக்கு இது மேலும் கடினம். அவன் இரண்டு படுகுழிகளுக்கு இடையே நடக்கிறான். ஒன்று வெறுப்பு. கவிஞர் எஸ்ரா பவுண்ட் இளமையிலேயே அமெரிக்காவை விட்டு நீங்கி ஐரோப்பாவில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது முசோலினியின் இத்தாலியிலிருந்து வானொலியில் தம் தாய்நாட்டை இகழ்ந்தும் யூதரைப் பழித்தும் பேசினார். நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, மனநிலை சரியில்லை எனக் கருதப்பட்டு, 1958 வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். புலமை தொலைவின் வெறுப்பிலிருந்து அவரைக் காக்கவில்லை. மற்றொரு குழி விலகல். வெறுப்பு ஓசையுடையது, ஆதலின் அதனை எளிதில் அடையாளம் காணலாம். விலகல் ஓசையற்றது, அமைதியின் ஆடையை அணிந்து வருவது. என் நண்பர் வீழ்ந்திருந்த குழி இரண்டாவதே.

இரண்டிலும் வீழாதவர் ஒருவரையும் கூற வேண்டும். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1948 இல், இருபத்து நான்கு வயதில், கையில் நாற்பது டாலருடன் பாரிசு சென்றார். நிறவெறியின் இறுக்கத்தில் தம்மால் மூச்சுவிட இயலாது என்று வெளியேறியவர் அவர். தாம் எத்துணை அமெரிக்கர் என்பதை அயல்மண்ணிலேதான் உணர்ந்தார். தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளில் கால்வைக்கப் போராடிய 1957 இல் அவர் தாயகம் திரும்பினார். பாரிசில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தது போதும். பிறர் கொடுத்துவரும் விலையில் தம் பங்கைத் தாமும் கொடுக்க வேண்டும் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். அதுவரை கண்டிராத தென் மாநிலங்களுக்குச் சென்றார், மக்களைக் கண்டார், எழுதினார். அவர் எழுத்தில் கண்டனம் உண்டு, கடுமையும் உண்டு, ஏளனம் இல்லை. தொலைவில் பெற்ற தெளிவை அருகில் கொண்டுபோய்ச் சேர்த்தமையே அவர் சிறப்பு.

திண்ணையைச் செப்பனிட்டோர்

என் நண்பர் பால்ட்வின் அல்லர், எளிய ஆசிரியர். சட்டப்படி அவருக்கும் தாயகத்துக்கும் உள்ள பிணைப்பு அறுபடவில்லை. அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்கை அந்நாட்டுக்குக் காட்ட வேண்டும். அயல்நாட்டில் வாழ்பவர் தாம் இறுதியாக வாழ்ந்த மாநிலத்தின் வாக்காளராக அஞ்சல்வழி வாக்களிக்கவும் உரிமை உண்டு. இவர் ஒவ்வொரு தேர்தலிலும் தவறாது வாக்களித்தார், கணக்கும் காட்டினார். நாட்டோடு உறவு இருந்தது; வீட்டோடு இல்லை.

2023 ஆம் ஆண்டு அவர் ஊருக்குச் சென்றார். திரும்பி வந்ததும் நான் ஆவலோடு வேலியருகே சென்றேன். “சமாதானம் ஆயிற்றா?” என்றேன். அவர் சிரித்தார். முதல் நாள் உணவு மேசையில் பேச்சு அரசியலுக்குச் சென்றதாம். அண்ணன் எழுந்து போய்விட்டாராம். மறுநாள் காலை, தந்தையார் வீட்டு முன்திண்ணையின் பலகைகள் உளுத்துப்போயிருந்தமையால் அண்ணன் தனியே பெயர்த்துக்கொண்டிருந்தாராம். இவர் ஒன்றும் பேசாது மறுமுனையைப் பிடித்தாராம். நான்கு நாள் இருவரும் வேலை செய்தனர். நான்காம் நாள் அண்ணன், ஆலை மூடியபின் தாம் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கூறினாராம். அவ்வளவு காலம் தம்பி அதனைக் கேட்டதே இல்லை.

“அவர் கருத்து இன்னும் தவறு என்றே நினைக்கிறேன், சிக்கு. ஆனால், அக்கருத்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும். இங்கிருந்து பார்த்தபோது அது தெரியவில்லை.”

2024 தேர்தலில் இருவரும் ஒரே மாநிலத்தில் எதிரெதிராக வாக்களித்தனர். அண்ணனின் மகள் இன்னும் இவரோடு பேசுவதில்லை. பிளவு தீரவில்லை. ஆனால், ஞாயிறுதோறும் எங்கள் தாமானில் ஒரு தொலைபேசி ஒலிக்கிறது. பெரும்பாலும் வானிலையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியுமே பேசிக்கொள்கிறார்களாம்.

நாம் கற்க வேண்டியது

அச்செய்தியில் நான் கற்றது இது. தொலைவு ஓர் உயரம். அங்கே ஏறி நின்றால் ஊர் முழுதும் தெரியும். எனினும், உயரத்தில் நிற்பதனால் ஒருவன் உயர்ந்தவன் ஆகிவிடுவதில்லை. கண்டவனுக்குக் கடன் உண்டு. அக்கடன் தீர்ப்பு எழுதுவது மட்டுமன்று. தன் சொல் சென்று சேரும் ஒரு வாயிலையாவது மூடாமல் வைத்திருப்பது. உண்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உறவை உண்மைக்கு விலையாகக் கொடுத்துவிட்டோமா என்று மட்டும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. வகுப்பறையில் பட்டிமன்றம் நடத்துகிறோம், வெல்லக் கற்பிக்கிறோம். எதிரணி மாணவன் கூறியதை, அவனே ‘ஆம், நான் கூறியது அதுதான்’ என்று ஒப்பும்படி எடுத்துரைக்க எத்தனை மாணவருக்குக் கற்பித்திருக்கிறோம்? எங்கள் பள்ளியில் இப்போது அதற்கும் மதிப்பெண் உண்டு.

பிராங்கிளின் பாடத்தையும் நான் மாற்றிக்கொண்டேன். பட்டத்தையும் மின்னலையும் கூறி முடித்தபின், அருகே நிற்கும் சிறுவனைச் சுட்டிக்காட்டி, “இவர் யார், தெரியுமா?” என்று நானே கேட்கிறேன்.